நாலு பேர் இல்லாத கரையில்: சிறிய கேட்டமரனை எப்படி இறக்குவது?

எங்கள் படகு ஒரு பழைய ஹோபி 16, அதாவது இரண்டு உடல்களைக் குறுக்குக் கம்பிகளால் இணைத்த ஒரு சிறிய கேட்டமரன் பாய்ப்படகு. எடை 145 கிலோ. அதை இரண்டு டன் தூக்கக்கூடிய மின்சார ஹாய்ஸ்டில் மாட்டி, நான்கு மூலையிலும் பெல்ட் போட்டு, கல்சுவரைத் தாண்டித் தண்ணீரில் இறக்குகிறோம். முதல் நாள் இதைப் பார்த்த என் மச்சினனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன மாமா இது, நாலு பேர் பிடிச்சா கையிலயே இறக்கிடலாமே?"

"இறக்கலாம்டா. அந்த நாலு பேர் எங்க?"

சுற்றிலும் பார்த்தான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரை, சனிக்கிழமை காலை. நாங்கள் இரண்டு பேர். தூரத்தில் தூண்டிலோடு ஒரு பெரியவர். சுவர்மேல் கடற்காகங்கள். அதற்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சிறிய கேட்டமரனை இறக்க எது நல்ல வழி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் படகின் எடையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். எடையைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது கரை: மணலா, சேறா, பாறைக் குவியலா, நேராக நிற்கும் சுவரா? அடுத்தது, மாலை ஐந்து மணிக்கு உங்களோடு யார் இருப்பார்கள் என்பது. இங்கே கோடையில் மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து 20, 25 நாட் (மணிக்கு 37 முதல் 46 கிலோமீட்டர்) காற்று சாதாரணமாக அடிக்கும். தண்ணீர் கோடையிலும் குளிர்ச்சிதான். நனைந்து, கை விறைத்துத் திரும்பும்போது படகை மேலே ஏற்ற வேண்டும். காலையில் எல்லா வழியும் சுலபம்தான். வழியின் லட்சணம் மாலையில் தெரியும்.

அப்புறம் அகலம். 16 அடிப் படகு என்றதும் கைக்கு அடக்கமாகத் தோன்றும். ஆனால் ஹோபி 16இன் அகலம் 2.41 மீட்டர், பாய்மரத்தின் உயரம் 8 மீட்டர். அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதி இல்லாமல் இழுத்துப்போகக்கூடிய அகலம் 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். ஹோபி அதற்குள் அடங்கிவிடும். 2.60 மீட்டர் அகலமுள்ள எஃப் 18 வகைப் படகு அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய டொர்னாடோ வகைக் கேட்டமரன் சுமார் 3 மீட்டர், டிரெய்லரில் ஒருக்களித்துச் சாய்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் பிரித்து ஏற்ற வேண்டும். அதனால் சிறிய கேட்டமரனைப் பொறுத்தவரை அதைத் தூக்குவதைவிட இடிக்காமல் திருப்புவதுதான் பெரிய வேலை. சிற்றெறும்பு ஒரு முழு அப்பளத்தை இழுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல.

இரண்டு வழிகளை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஒன்று, படகைத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டு வைப்பது. பெரிய படகுகளுக்குச் சரி. ஹோபி மாதிரிப் படகின் உடல், இரண்டு மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே நுரை வைத்த சாண்ட்விச். நீர் உள்ளே இறங்கி, மேலே வெயிலும் அடித்தால் தோலும் நுரையும் பிரிந்துவிடும். விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் பழைய ஹோபிகளை இந்த ஊரில் நிறையப் பார்க்கலாம். அடியில் பாசியும் கொட்டலசும் பிடிப்பது வேறு. நம் கட்டுமரக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துவைத்திருந்தார்கள். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் சரியாக மிதக்காது. அந்தக் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைப் படகுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டு, கேட்டமரன் என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. உருவம் மாறிப்போனாலும் காயவைக்கும் விதி மாறவில்லை.

இரண்டாவது, தாழ்வான மிதவை மேடைமேல் கம்பளம் விரித்து, படகைச் சறுக்கி ஏற்றி இறக்குவது. இறக்கும்போது ஜாலியாக இருக்கும். ஏற்றும்போது மறுபடியும் அந்த நாலு பேர் வேண்டும்.

மீதி மூன்று வழிகளிலும் நாங்கள் தலா ஒரு பருவமாவது அடிபட்டிருக்கிறோம்.

முதலாவது மணலும் சக்கரமும். ஹோபி 16 பிறந்ததே இதற்காகத்தான். தெற்குக் கலிஃபோர்னியாவில் அலைப்பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர், கடற்கரை மணலிலிருந்து அலையைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு படகு வேண்டும் என்றுதான் இதை வரைந்தார். அதனால் இதற்கு நீருக்குள் நீட்டும் நடுப்பலகை கிடையாது. உடல்கள் வாழைப்பழம்போல வளைந்தவை. வெளிப்பக்கம் தட்டை, உள்பக்கம் வளைவு. பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் வேலையை அந்த வடிவமே செய்துவிடும். சுக்கான் தரையில் தட்டினால் தானாக மேலே எழும். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றதற்கு இந்தச் சௌகரியம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

சக்கரம் என்றால் ஒரு அலுமினிய அச்சு, இரண்டு பெரிய பலூன் டயர், படகின் உடல் உட்கார இரண்டு தொட்டில். டயரில் காற்றை மிகக் குறைவாக வைக்க வேண்டும். கல்லாக அடித்தால் மணலில் புதையும். முன்பக்கத்தை ஒருவர் தூக்க, இன்னொருவர் அச்சைச் சமநிலைப் புள்ளிக்குக் கீழே தள்ள, இரண்டே பேரில் படகு நகரும். சில நூறு டாலர், ஒருமுறைச் செலவு. பாய்களைக் கரையிலேயே, காற்றைப் பார்த்து நிறுத்தி, நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம். இந்தச் சௌகரியத்தின் அருமை ஹாய்ஸ்டுக்குப் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

குறை என்ன? மணல் வேண்டும். இந்த விரிகுடாவின் கரையில் பெரும்பகுதி பாறைக் குவியல் அல்லது சேறு. அலமீடாவில் நீண்ட மணல்கரை இருக்கிறது, ஆனால் ஆழமே இல்லாத கரை. விரிகுடாவின் வாயான கோல்டன் கேட் பக்கம் ஒரே நாளில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக 1.8 மீட்டர். சரிவே இல்லாத கரையில் அந்த 1.8 மீட்டர் என்பது வெகுதூரம். காலையில் கரையோரம் இறக்கிவிட்டு மாலையில் வந்தால், கரைக்கும் நமக்கும் நடுவே ஒரு வயல்காடு அளவுக்குச் சேறு கிடக்கும். ஒருமுறை கணுக்கால் புதையப் படகை இழுத்துக்கொண்டு வந்தோம். மச்சினன் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். ஓத அட்டவணையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சனிக்கிழமை மட்டும் லீவு கிடைக்கிற ஆளுக்கு ஓதம் ஒத்துழைப்பதில்லை.

அடுத்தது டிரெய்லரும் சாய்தளமும். எல்லா ஊரிலும் இருக்கிற வழி, எனக்குப் பிடிக்காத வழியும் இதுதான். வீட்டிலேயே படகை வைத்துக்கொள்ளலாம், மாத வாடகை இல்லை, இன்று இந்த ஏரி, அடுத்த வாரம் அந்த விரிகுடா என்று சுற்றலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் 8 மீட்டர் பாய்மரத்தை நிமிர்த்தி, கம்பிகளைப் பூட்டி, சுக்கான் மாட்டி, பாய் கோத்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பி வந்து அத்தனையையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். பின்னால் மோட்டார் படகுக்காரர்கள் வரிசையில் நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். சாய்தளத்தின் கீழ்ப்பகுதி ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளியே வருகிற இடம். அங்கே படிகிற பச்சைப் பாசியில் ஒருமுறை உட்கார்ந்த நிலையிலேயே தண்ணீர்வரை போயிருக்கிறேன். உப்புநீரில் முக்கியெடுத்த டிரெய்லர் சக்கரத்தின் பேரிங் எவ்வளவு கழுவினாலும் ஒருநாள் நெடுஞ்சாலையில் வைத்துப் பழிவாங்கும். டிரெய்லரை நீரில் முக்காமல், மேலேயே நிறுத்திப் படகை மட்டும் கைச்சக்கரத்தில் இறக்குகிறவர்கள் புத்திசாலிகள்.

இதில் விளையாட்டில்லாத விஷயம் ஒன்று உண்டு. பாய்மரத்தை நிமிர்த்திய பிறகு, படகை நகர்த்தும் பாதையின் மேலே மின்கம்பி ஓடுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் உரசிச் செத்தவர்கள் உண்டு. 1980களில் ஹோபி நிறுவனம் பாய்மரத்தின் உச்சிப் பகுதியை மட்டும் மின்சாரம் கடத்தாத ஃபைபர்கிளாஸில் செய்ய ஆரம்பித்ததே அதனால்தான். காம்ப்டிப் என்பார்கள். பழைய படகு வாங்குகிறீர்கள் என்றால் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் அண்ணாந்து பாருங்கள்.

இனி ஹாய்ஸ்ட்.

சுவர் ஓரத்தில் ஒரு இரும்புத் தூண், அதன் தலையில் கையால் சுற்றக்கூடிய நீண்ட கரம், கரத்தின் நுனியிலிருந்து கொக்கி, கீழே தொங்கும் பெட்டியில் இரண்டு பட்டன். பாய்மரம் நிமிர்ந்தபடியே படகு அருகிலுள்ள முற்றத்தில், வண்டியில் உட்கார்ந்திருக்கும். வந்ததும் உறையைக் கழற்றி, கொக்கிக்குக் கீழே தள்ளிப்போய், மாட்டி, தூக்கி, சுற்றி, இறக்கினால் ஆயிற்று. பழகிய பிறகு எங்களுக்குக் கால் மணி நேரம். ஓதம் ஏறியிருந்தாலும் வற்றியிருந்தாலும் கவலை இல்லை; கொக்கி இன்னும் 1.8 மீட்டர் கீழே போக வேண்டும், அவ்வளவுதான். இந்த விரிகுடாவிலேயே 2013 அமெரிக்கா கோப்பைப் போட்டிக்கு வந்த 72 அடி ராட்சதக் கேட்டமரன்களும் தினம் காலையில் கிரேனில்தான் தண்ணீருக்கு இறங்கின. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரும்படையே வேலை செய்தது என்பதை மச்சினனிடம் நான் சொல்லவில்லை.

ஆனால் ஹாய்ஸ்டுகள் பெரும்பாலும் அடியில் கனமான கீல் (படகைக் கவிழாமல் பிடிக்கும் எடை) உள்ள ஒற்றை உடல் படகுகளை மனதில் வைத்து நிறுத்தப்பட்டவை. அந்தப் படகில் கீலுக்கு நேர்மேலே ஒரே ஒரு வளையம் இருக்கும். கொக்கியை மாட்டினால் முடிந்தது. கேட்டமரனுக்கு நடுவில் மாட்ட ஒன்றுமே கிடையாது, இரண்டு உடலுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய வெறும் டிராம்போலின் துணிதான். அதனால் நான்கு கால் பெல்ட் வேண்டும். அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் இரண்டு கட்சி.

குறுக்குச் சட்டத்தில் மாட்டுவது ஒரு கட்சி. முன் குறுக்குக் கம்பியின் இரு முனை, பின் குறுக்குக் கம்பியின் இரு முனை, நான்கிலும் பெல்ட்டைச் சுருக்குப் போட்டு இறுக்குவது. சுலபம், ஒரு நிமிட வேலை. பெல்ட் மூலை வார்ப்பை ஒட்டியே இருக்க வேண்டும்; கம்பியின் நடுப்பக்கம் நகர்ந்தால் குழாய் வளையும். பாயில் ஓடும்போது காற்றுப்பக்கத்து உடல் நீரை விட்டு எழுந்து இந்தச் சட்டத்தில்தான் தொங்குகிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள படகுக்கு இது புதுச் சுமை இல்லை. ஆனால் நாற்பது வயதுப் படகு என்றால் மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் மற்றக் கட்சிக்குப் போய்விடுங்கள்.

மற்றக் கட்சி, உடல்களுக்கு அடியில் அகலமான பெல்ட்டைக் கொடுத்துத் தொட்டில்போல ஏந்துவது. மூட்டுகளுக்குச் சுமையே இல்லை. ஆனால் ஹோபியின் வாழைப்பழ வளைவில் பெல்ட் நுனியை நோக்கி வழுக்கப் பார்க்கும். முன் பெல்ட்டையும் பின் பெல்ட்டையும் ஒரு கயிற்றால் ஒன்றோடொன்று கட்டித்தான் ஆக வேண்டும். நடுப்பலகை உள்ள படகில் பலகையை முழுக்க மேலே இழுத்தபிறகுதான் பெல்ட். திரும்பி வரும்போது, தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் படகுக்கு அடியில் பெல்ட்டை நுழைப்பது இன்னொரு கூத்து. நாங்கள் ஒரு பருவம் இப்படிச் செய்தோம், மூலைகளைப் பழுதுபார்த்ததும் சட்டத்துக்கே வந்துவிட்டோம்.

எந்தக் கட்சியானாலும் பெல்ட்டின் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு. படகு, சாமான், உள்ளே தேங்கிய நீர் எல்லாம் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் சுமார் ஒன்றரை மீட்டர். கொக்கி மூலைகளுக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் பெல்ட் 45 டிகிரியில் நிற்கும்; நான்கும் சமமாகத் தாங்கினால் ஒரு காலுக்கு 64 கிலோ. பெல்ட்டைக் குறைத்து 30 டிகிரி ஆக்கினால் 90 கிலோ. 15 டிகிரிக்குப் படுக்கவைத்தால் ஒரு காலுக்கு 174 கிலோ, கிட்டத்தட்ட முழுப் படகின் எடை. அதில் பெரும்பங்கு மேலே தூக்குவதற்கு உதவாமல் மூலைகளை உள்பக்கம் நெருக்கிக்கொண்டிருக்கும். நான்கு கால்களும் ஒருபோதும் சமமாகத் தாங்காது என்பதால், எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டே கால்கள் மொத்தத்தையும் தாங்கும் என்று வைத்துத்தான் பெல்ட் வாங்க வேண்டும். 45 டிகிரியில் அது 127 கிலோ. ஒரு டன் தாங்கும் என்று லேபிள் தைத்த பாலியெஸ்டர் பெல்ட்டுக்கு இது தூசு. லேபிள் இல்லாத, வெயிலில் நிறம் வெளுத்த பெல்ட்டை எவ்வளவு தடிமனாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள்.

நீளத்துக்கு மேல்வரம்பும் உண்டு, அதைப் போடுவது ஹாய்ஸ்டின் உயரம். கரம் தாழ்வாக இருந்து பெல்ட் நீளமாக இருந்தால், கொக்கி மேலே முட்டியும் படகு வண்டியை விட்டு எழாது. முதல் நாள் எங்களுக்கு அதுவும் நடந்தது.

பாய்மரம் அடுத்த சிக்கல். கொக்கி படகின் சமநிலைப் புள்ளிக்கு மேலே வர வேண்டும். அது பாய்மரத்துக்குப் பின்னால், டிராம்போலின் மேலே விழுகிறது. கரத்தைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்தால் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் பக்கக் கம்பியில் இடிக்கும். பின்பக்கத்திலிருந்து கொண்டுவந்தால் தடையே இல்லை, ஏனென்றால் இந்தவகைப் படகுக்குப் பின் கம்பி கிடையாது. ஆக, பின்பக்கம் தூணைப் பார்த்தபடி படகை நிறுத்த வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. இப்படி நிறுத்தினால் இன்னொரு லாபம்: சுற்றி இறக்கியதும் முன்மூக்கு சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்து இருக்கும்.

ஹோபி 16ஐ ஓட்டுகிறவர்கள் பாய்மரத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து வைப்பார்கள். தொங்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலும் அந்தச் சாய்வு அதிகமாகி, மரம் கரத்தின் நுனியில் "டங்" என்று மோதும். முதல் சத்தத்திலேயே என் உயிர் போய்விட்டு வந்தது. அதனால் படகு சமமாகவோ முன்பக்கம் ஒரு விரல் தாழ்ந்தோ தொங்கும்படி முன்கால்களின் நீளத்தைச் சரிசெய்துகொண்டோம். முன்கால்களுக்குச் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறோம், மாற்றி மாட்டிவிடாமல் இருக்க.

எனக்கு இன்றும் பயமாக இருப்பது காற்று. தொங்குகிற கேட்டமரன் ஒரு பட்டம். டிராம்போலின் சுமார் நான்கு சதுர மீட்டர். 15 நாட் காற்றுக்கு அது முழு முகத்தைக் காட்டினால் 15 கிலோ அளவுக்குத் தள்ளும். ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கலாம். 25 நாட் என்றால் இரண்டு மடங்குகூட ஆகாத வேகம், ஆனால் தள்ளுவது சுமார் 40 கிலோ. அதே வேகத்தில் கீல் படகு தன் எடையால் அசையாமல் தொங்கும். 145 கிலோவின் லேசுத்தனம் மணலில் வரம், கொக்கியில் சாபம். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனை. பட்டனை அழுத்துகிறவர் கயிறு பிடிக்கிறவராகவும் இருக்கலாம் என்று சொல்பவர்கள் காலைக் காற்றில் மட்டும் இறக்கியவர்கள். படகுக்கு அடியிலோ படகுமேலோ யாரும் இருக்கக் கூடாது, மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுப்பதற்கும்கூட.

இறங்கியதும் இன்னொரு தலைவலி. பாயை எங்கே ஏற்றுவது? ஹோபியின் பெரிய பாய் உச்சியில் ஒரு கொக்கியில் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும்; படகு காற்றை நேராகப் பார்த்து நின்றால்தான் அது ஒழுங்காக ஏறும். மணலில் இது சாதாரணம். சுவரோரம், மோட்டார் படகுகளின் அலையில் ஆடிக்கொண்டே செய்வது வேறு ரகம். ஹாய்ஸ்டுக்குப் பக்கத்தில், காற்று மறைவான பக்கமாகக் கட்டிக்கொள்ள ஒரு மிதவை மேடை இருந்தால் பிழைத்தீர்கள். இல்லாத இடத்தில் ஹாய்ஸ்ட் இருந்தும் பாதிப் பிரயோஜனம்தான்.

நன்மை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். திரும்பத் தூக்கும்போது படகின் அடி கண்ணுக்கு நேரே வருகிறது. கீறல், விரிசல், எங்கிருந்து நீர் சொட்டுகிறது, எல்லாம் தெரியும். எங்கள் இடது உடலில் இரண்டு வருடமாக ஏறிக்கொண்டிருந்த நீர் எந்த வழியாக வந்தது என்று ஒரு நாள் தொங்கும்போதுதான் கண்டுபிடித்தோம். இரண்டு வருடமாக நான் என் மச்சினனைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன், பின்னால் உள்ள அடைப்பானை அவன் சரியாகத் திருகவில்லை என்று. "பிளக் போட்டியா?" என்று நான் கேட்பதும், "போட்டாச்சு மாமா, நீங்க ஒருதடவ பாத்துக்கங்க" என்று அவன் சொல்வதும் இன்னும் நிற்கவில்லை.

இப்போது யாருக்கு எது? கிட்டத்தில் சரிவான மணல்கரை இருந்து, நடுப்பலகை இல்லாத படகு வைத்திருந்தால் சக்கரம் வாங்குங்கள், ஹாய்ஸ்ட் பக்கம் திரும்பவே வேண்டாம். ஊர் ஊராகப் போக ஆசை, வருடத்துக்கு ஆறேழு தடவைதான் படகேறுவீர்கள் என்றால் சாய்தளம், பேரிங்குக்குக் கிரீஸ், கொஞ்சம் பொறுமை. வாரா வாரம் போகிறீர்கள், கூட ஒரே ஒரு ஆள், கரை சுவராகவோ சேறாகவோ இருக்கிறது, அல்லது 180 கிலோ எஃப் 18 வைத்திருக்கிறீர்கள் என்றால் முற்ற வாடகை கொடுத்தாலும் ஹாய்ஸ்ட்தான். தனி ஆளாக ஓட்டுகிறவருக்கு மட்டும் எனக்கு உறுதியான பதில் இல்லை. 75 கிலோவில் தொடங்கும் ஏ கிளாஸ் படகு என்றால் மணலில் ஒருவரே நகர்த்தலாம். அதை 20 நாட் காற்றில் ஒருவரே கொக்கியில் தொங்கவிடுவதை நான் நின்று பார்க்க மாட்டேன்.

ஹாய்ஸ்ட் என்று முடிவெடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கரத்தின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், மிதவை மேடை எந்தப் பக்கம் என்று பாருங்கள், ஹாய்ஸ்டின் மின்சாரத்தை எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்று கேளுங்கள். நாங்கள் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று செத்துப்போய், துடுப்புப் போட்டு வந்து சேர இருட்டிவிட்டது. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை, பெட்டிக்குப் பூட்டு. படகை மேடையில் கட்டிவிட்டுப் போய், மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லி வந்து தூக்கினோம். டிராம்போலின் முழுக்கக் கடற்காகங்கள் கையெழுத்துப் போட்டிருந்தன.